ஒவ்வொரு முறையும் மடங்குமா

ஜூன் 14, இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் முதலாளியம்மாவுக்கும் காட்டாதே. படித்து முடித்ததும் ஏதாவது ஒரு தொட்டியில் புதைத்து மேலே ஒரு செடியை நட்டுவிடு. நான் நலம், நீ நலமா என்றெல்லாம் எழுத வேண்டும் என்று தெரியும். எழுதிவிட்டதாக வைத்துக்கொள். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் குறட்டை கேட்கும்வரைதான் எழுதுவேன்.

பொட்டலம் வீட்டுக்கு வராமல் பேனாக்கடைக்கே பத்திரமாக வந்தது. பேனாக்கடை அக்கா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். "என்னடி, உங்கக்கா விதை அனுப்புறேன்னு சொன்னா. இரும்பு விதையா? மொளச்சா எனக்கும் ஒரு கிளை குடு" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று அவளுக்குக் கோபம்.

கத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மூடியிருக்கும்போது அது கத்தி மாதிரியே இல்லை. பளபளப்பான மரத்துண்டு, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். கையில் வைத்தால் முட்டையின் கனம். எண்ணெய் வாசனை. நகம் மாட்டும் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன், நகம்தான் உடைந்தது. இரண்டாவது தடவை பாதிவரை வந்து ஒரு கணம் தயங்கியது. பிறகு தானாகவே பாய்ந்து 'டக்' என்று நின்றது. அந்தச் சத்தத்துக்கு அப்பா புரண்டு படுத்தார். மூடும்போது ஆள்காட்டி விரல் நுனி உள்ளே மாட்டிக்கொண்டது. வலிக்கவே இல்லை அக்கா. ரத்தம் வந்துதான் வெட்டியது என்று சொன்னது. அப்பாவின் கத்தி அப்படி இல்லை. அது படுவதற்கு முன்பே வலிக்கும்.

அதை நீ மறந்திருக்க மாட்டாய். பிடியில் துணி சுற்றிய, மடங்காத அந்தக் குட்டைக் கத்தி. பார்சல் ஆபீஸிலிருந்து வரும் பெட்டிகளுக்கு அப்பா இப்போதும் முன்னறையில்தான் பிளாஸ்டிக் பட்டை கட்டுகிறார். பட்டையை வெட்டும்போது முதலில் குத்துவார், பிறகு கிழிப்பார். வெட்டிய முனை எலி கடித்த மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் கத்தியை மேசையில் ஓங்கிக் குத்தி நிறுத்திவிட்டுத்தான் கை கழுவப் போவார். மேசை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள்.

போன மாதம் அம்மாவின் இரண்டு கைகளையும் அந்தப் பட்டையாலேயே மேசைக்காலோடு இறுக்கிவிட்டு வெளியே போனார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் பார்த்தேன். கத்தியை அவர் எடுத்துப் போயிருந்தார். என் காகிதக் கத்தரிக்கோலால் அறுத்து, பல்லால் கடித்து, முக்கால் மணி நேரம். அம்மாவின் விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அதற்காகத்தானே இதை அனுப்பினாய். இன்று ஒரு துண்டுப் பட்டையை மடியில் வைத்து ஒரே இழுப்பு இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. கூடவே என் பாவாடையும் கொஞ்சம்.

ஜியாமெட்ரி பெட்டியில், அளவுகோலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

குறட்டை நின்றுவிட்டது.

உன் சுண்டெலி


ஜூன் 25

என் சுண்டெலிக்கு,

உன் அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேளை தவறித் தூங்குகிறேன். அம்மாவின் விரல்கள் இப்போது மடங்குகின்றனவா? ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று பார்த்து எழுது.

உன் கடிதத்தை ஒரு எலுமிச்சைக்குக் கீழே புதைத்தேன். கசந்தால் நீதான் பொறுப்பு.

இப்போது நான் சொல்வதை வகுப்பில் கேட்கிற மாதிரி கேட்காதே, உண்மையாகக் கேள். இது ஒட்டுக் கட்டுகிற கத்தி. இங்கே நாற்றுப் பண்ணையில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஒரு செடியின் தண்டைச் சாய்வாகச் சீவி, இன்னொரு செடியின் தண்டோடு பொருத்திக் கட்டுவோம். வெட்டு கண்ணாடி மாதிரி இருந்தால்தான் ஒட்டும். அதனால் இதை எப்போதும் இழுக்க வேண்டும், ஒரே இழுப்பு, உன் உடம்பை விட்டு வெளிப்பக்கமாக. குத்தவே கூடாது. இதில் பூட்டு கிடையாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மட்டும்தான் அலகைத் திறந்து வைத்திருக்கிறது. குத்தினால் அலகு திரும்பி வந்து உன் விரல்மேலேயே மூடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு தொட்டியில் மண் கிளறினேன், முனை கல்லில் பட்டது. ஆறு தையல். முதலாளியம்மா கட்டுப் போட்டுக்கொண்டே, "கத்திக்கு யார் எஜமான்னு தெரியாதுடி. யார் கை உள்ள இருக்கோ அதைக் கடிக்கும்" என்றாள். அன்று முழுக்க எனக்கு வேலையில்லை, எல்லோருக்கும் தேநீர் போட்டேன். உப்புப் போட்டுவிட்டேன்.

நகத்தை உடைக்காதே. பழைய துணியால் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாகத் திற, சத்தம் வராது.

கத்தி பட்டைக்கு. பட்டைக்கு மட்டும். கட்டை அறுத்ததும் அம்மாவை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் ஓடு. அவர் ஒன்றும் செய்யமாட்டார், தெரியும். ஆனாலும் ஆள் இருக்கிற இடம்.

இதை எரித்துவிடு.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள மூத்த மகளுக்கு, அப்பா ஆசியுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை மூவரும் மிக்க நலம். அதுபோல் உன் நலத்தையும் மாதம் தவறாமல் தெரிவிக்கவும். பருவநிலை நன்றாக உள்ளது. உன் அம்மா மாடிப்படியில் கால் வழுக்கி விழுந்ததில் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. மற்றபடி சுகம். அவளுக்கு எதிலும் கவனம் போதாது என்பது நீ அறிந்ததே.

உன் தங்கை இந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு பட்டை கட்டும் வேலையில் எனக்கு உதவியாக இருப்பாள். இது அவளுடைய சொந்த விருப்பம். நீயும் ஊரான் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது போதும். உன் படுக்கை சுருட்டிய இடத்திலேயே இருக்கிறது. வந்தால் பழையதைப் பேசமாட்டேன்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு
அப்பா

(அப்பா சொல்லச் சொல்ல எழுதியது, தங்கை.)


ஜூலை 5, இரவு

அக்கா,

வீட்டுக் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். எழுதும்போது ஒரு எழுத்துப்பிழைகூட விடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "மாடிப்படி" என்று அவர் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தேன். "என்ன பாக்குற? படியில விழுந்தான்னு எழுது. ப-டி" என்றார். நம் வீட்டில் மாடியும் இல்லை, படியும் இல்லை என்று உனக்குத் தெரியாதா என்ன.

நடந்தது இது. பட்டையை இறுக்குகிற இரும்புக் கருவி இருக்கிறதே, அதை அம்மா இடம் மாற்றி வைத்துவிட்டாள். அவர் கத்தவே இல்லை. தேடினார், எடுத்தார், கையில் கனம் பார்த்தார். "இதுதான் இதோட இடமா?" என்று கேட்டு அம்மாவின் வாயில் அடித்தார். பல் தரையில் விழுந்து உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா, அது சட்டைப் பொத்தான் விழுகிற சத்தம் மாதிரிதான் இருக்கிறது. பிறகு கைகளைக் கட்டினார், மேசைக்காலில், கிளிப் போட்டு, அதே கருவியால் இறுக்கி. "இப்ப எடம் மாறாம இருப்ப" என்று சொல்லிவிட்டு லாரியில் பெட்டி ஏற்றப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

நான் கத்தியை எடுத்தேன். துணியால் பிடித்துத் திறந்தேன். நீ சொன்ன மாதிரி ஒரே இழுப்பு. பட்டை 'பட்' என்று தெறித்து என் கன்னத்தில் அடித்தது. இரண்டாவது பட்டையில் அவசரப்பட்டுவிட்டேன், அம்மாவின் மணிக்கட்டிலும் ஒரு கோடு விழுந்தது. அம்மா கோட்டைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தாள்.

"ஏதுடி இது?"

"அக்கா அனுப்பினா."

"தூக்கிப் போடு. இன்னைக்கே. அவர் கண்ணுல பட்டா நம்ம மூணு பேரையும் உரிச்சுடுவார்." வாயில் ரத்தத்தோடு பேசியதால் எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு என் கையிலிருந்து கத்தியை வாங்கிக் குழாயடியில் கழுவினாள், புடவை முந்தியால் துடைத்தாள், மூடினாள். என்னைவிட நன்றாக மூடினாள். திருப்பிக் கொடுத்து, "ஈரத்தோட வெக்காத. துரு பிடிக்கும்" என்றாள்.

அவர் வந்து கட்டு எப்படி அவிழ்ந்தது என்று கேட்டார். பல்லால் கடித்தேன் என்று சொன்னேன். "பரவால்லயே. உங்கம்மாவுக்கு இல்லாத பல்லு உனக்காவது இருக்கே" என்று சிரித்தார்.

ஒன்று கேட்கிறேன், சரியாகப் பதில் எழுது. குத்தினால் மடங்கும் என்றாயே. ஒவ்வொரு முறையும் மடங்குமா, சில சமயம் மட்டுமா?

சுண்டெலி


ஜூலை 18

சுண்டெலி,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக் கடிதத்தை முதலாளியம்மாவிடம் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, அது அவருடைய கடிதம், உன்னுடையது இல்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "உங்க வீட்ல மாடி உண்டா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். உடனே எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். விதைக் கிடங்குக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. இப்போது அதில் இருக்கும் காவலாளி ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வேலையை விட்டுப் போகிறார். பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் வந்து உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் ஞாயிறு காலை பார்சல் ஆபீஸில் இருப்பார். இங்கே பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, தலைமை ஆசிரியையிடம் பேசியாயிற்று.

அம்மா வரமாட்டேன் என்பாள். என்னிடமும் அப்படித்தான் சொன்னாள். என் இடது கையை அவர் கதவிடுக்கில் வைத்துச் சாத்திய அன்று, "நீ போ, நான் இருந்தாத்தான் அவர் உன்னைத் தேடிக்கிட்டு வரமாட்டார்" என்றாள். நானும் போய்விட்டேன். இரண்டு வருடமாக நான் இங்கே தூங்குகிற ஒவ்வொரு நாளும் அம்மா போட்ட பிச்சை. இந்த முறை அதைக் கேட்கப்போவதில்லை.

கவனி. நான் கதவைத் தட்டமாட்டேன். எக்காரணம் கொண்டும் தட்டமாட்டேன். சமையலறை ஜன்னல் கம்பியை மண்வாரியால் சுரண்டுவேன். கதவு தட்டப்பட்டால் அது நான் இல்லை.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. ஏன் கேட்டாய் என்றும் கேட்கமாட்டேன். கத்தியை நாளைக்கே பேனாக்கடையில் கொடுத்துவிடு. இன்னும் ஒரு மாதம்தான். அதுவரை அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டு.

அக்கா


ஜூலை 22, இரவு

அக்கா,

எல்லோரும் இருக்கிறோம். உன் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று அம்மா கேட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, ஜன்னலைத்தான் கேட்டாள்.

கத்தியைக் கொடுக்கமாட்டேன். அவர் பட்டைச் சுருளைத் திருப்பி வைக்கும் சத்தம் கேட்டாலே என் கை ஜியாமெட்ரி பெட்டிக்குப் போகிறது. அதை எடுத்துவிட்டால் கை எங்கே போகும்?

நீ பதில் எழுதவில்லை.

சுண்டெலி


ஆகஸ்ட் 5

அன்பு நாற்றுப்பண்ணைத் தங்கைக்கு, பேனாக்கடை அக்கா எழுதுவது. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு முட்டிவலி, வழக்கம்போல.

உன் தங்கச்சி போன புதன்கிழமைக்குப் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. உன் கடிதம் ஒன்று என் கல்லாவிலேயே கிடக்கிறது. நேற்று உங்கள் தெருப்பக்கம் போய்ப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. வாசலைக் கழுவிவிட்டிருக்கிறார்கள், ஆனால் நன்றாகக் கழுவவில்லை. பக்கத்துத் தையல்காரரைக் கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், நான் தைக்கிறவன்" என்கிறார். மெஷினில் நூலே இல்லை, ஆனாலும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தெரியாதது நல்லதாக இருக்கட்டும்.


ஆகஸ்ட் 7, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் மிக்க நலம். உன் நலம் அறிய ஆவல். பருவநிலை நன்றாக உள்ளது.

அப்பாவுக்குப் போன வாரம் புதன்கிழமை பட்டை வெட்டும்போது கை தவறிவிட்டது. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் வெட்டுப்பட்டன. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், சீழ் பிடித்துவிட்டது, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதிதான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அம்மா தினமும் போய்விட்டு வருகிறாள். நீ அவசரப்பட்டு வர வேண்டாம். சொன்ன தேதிக்கே வா.

மற்றபடி சுகம்.

இப்படிக்கு
உன் தங்கை


ஆகஸ்ட் 10

சுண்டெலி,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். "மிக்க நலம்" என்று எழுதியிருக்கிறாய். "பருவநிலை" என்று எழுதியிருக்கிறாய். அவர் தலைமாட்டில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிற கடிதம் அது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்கிறாய். அப்படியென்றால் உன் தலைமாட்டில் இப்போது நிற்பது யார்?

இருபது வருடமாகப் பட்டை வெட்டுகிறவர். கை தவறாது. தவறினாலும் அந்தக் கத்தி குத்தும், கிழிக்கும். இரண்டு விரலை வரிசையாக ஒரே கோட்டில் வெட்டாது. அப்படி வெட்டுகிற கத்தி எனக்குத் தெரியும். என் விரலில் அதன் கையெழுத்து இருக்கிறது.

நான் கோபப்படமாட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன். எந்தக் கத்தி என்று மட்டும் எழுது. அம்மாவின் கை முழுதாக இருக்கிறதா என்று எழுது. ஞாயிறு காலை வருகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 16, இரவு

அக்கா,

இதையும் யாருக்கும் காட்டாதே. தபாலில் போடப்போவதில்லை. நாளை நீ ஜன்னல் கம்பியைச் சுரண்டியதும் இதை உன் கையில் கொடுப்பேன். நேரில் சொல்ல வாய் வராது. படிக்கும்போது என் முகத்தைப் பார்க்காதே.

நாம் இரண்டு பேரும் கத்தியை எங்கே ஒளிப்பது என்றே யோசித்தோம். வெட்டிய முனையை யாரும் யோசிக்கவில்லை. அன்று அம்மாவின் கையிலிருந்து அறுத்த பட்டையை நான் குப்பைக் கோணியில் போட்டிருந்தேன். புதன்கிழமை மாலை, நான் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்கவில்லை, அவர் கோணியைக் கொட்டிப் பழைய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார்.

"இது பல்லு இல்ல. கத்தரி இல்ல. என் கத்தியும் இல்ல." மூன்றையும் நிதானமாகச் சொன்னார். "சாச்சு, ஒரே இழுப்பு. தண்டு சீவுற வெட்டு. இந்த வீட்டுல யாருடி தண்டு சீவுறது?"

அம்மா, "நான்தான்" என்றாள்.

அவர் அம்மாவின் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் இடித்தார். இரண்டு தடவை. மூன்றாவது தடவை மூக்கிலிருந்து வந்த ரத்தம் பட்டைச் சுருள்மேல் தெறித்தது. "சரக்க நாறடிச்சிட்டியே" என்று அதற்கும் ஒரு அடி. பிறகு அம்மாவின் வலது கையை மேசைமேல் விரித்து வைத்து, மணிக்கட்டைத் தன் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "சீவுற கை இதுதானே? பாத்துடலாம்." என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். "கத்திய எடு."

அவர் கத்தி மேசையில் இல்லை. அன்று காலையில் நான்தான் எடுத்து ஒளித்திருந்தேன். முதல் நாள் அதை அம்மாவின் கழுத்தருகே வைத்துக்கொண்டு சாப்பிட்டார், அதனால். அது இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு அறிவு பார்.

"கத்தி எங்கடி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரும்புக் கருவியை எடுத்திருப்பார், அது பக்கத்திலேயே கிடந்தது. அல்லது அப்படி நினைத்துக்கொண்டுதான் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேனோ, தெரியவில்லை. ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்தேன். கத்தியை எடுத்தேன். துணியால் பிடித்து, சத்தம் வராமல் திறந்தேன். திறந்து, பிடியை அவர் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "அட, இதான் அந்தச் சீவுற கத்தியா? உங்கக்கா பொம்மைச் சாமான் அனுப்பியிருக்கா!" முஷ்டிக்குள் அலகு கீழ்நோக்க இறுக்கிப் பிடித்தார், தன் கத்தியைப் பிடிக்கிற மாதிரியே. மேசையில் குத்தி நிறுத்தப் பிடிப்பாரே, அப்படி. கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

நேரம் இருந்தது அக்கா. எல்லோரும் கேட்டால் நேரம் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இருந்தது. "அப்பா, அது மடங்கும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? நீ எழுதியது வரிக்கு வரி எனக்கு ஞாபகம் வந்தது. எலுமிச்சை, ஆறு தையல், உப்புப் போட்ட தேநீர்கூட. வாயைத் திறக்கவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது இல்லை. கீழே இருந்தது அம்மாவின் கை. அவர் ஓங்கியது மேசைமேல் இல்லை, அம்மாவின் கைமேல். ஒவ்வொரு முறையும் மடங்குமா என்று உன்னைக் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. அம்மாவின் கையை வைத்து நானே பார்த்துக்கொண்டேன்.

அம்மா கையை ஒரு விரற்கடை நகர்த்தினாள். முனை அவள் கட்டைவிரலை உரசிக்கொண்டு போய், மேசையில் கிடந்த இரும்புக் கிளிப்பில் பட்டது. 'டக்.' மூடுகிற சத்தம். அவர் முஷ்டி கிளிப்மேல் இடித்து நின்றது. அவர் முகத்தில் வலி இல்லை. யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஒரு திகைப்பு. முஷ்டியைத் திறந்தார். இரண்டு விரல்களும் திறக்கவில்லை. அவை தனியாகத் தொங்கின. அப்புறம்தான் ரத்தம், அப்புறம்தான் அந்த அலறல்.

தையல் மெஷின் நின்றது. இந்த முறை மறுபடி ஓடவில்லை. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றார். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே, "பட்டை வெட்டும்போது கை தவறிடுச்சுண்ணே. வண்டி ஒண்ணு கூப்பிடுங்க" என்றாள். பிறகு பட்டையை எடுத்து அவர் மணிக்கட்டில் சுற்றினாள். கிளிப் போட்டாள். இரும்புக் கருவியை மாட்டி இறுக்கினாள். அவர் கத்தக் கத்த, "இன்னும் இறுக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு இறுக்கினாள். அந்தக் கட்டுதான் உயிரைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னாராம். அம்மா அதைச் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கத்தியைக் கழுவினாள். துடைத்து என்னிடம் கொடுத்தாள். அம்மாவின் கட்டைவிரலில் ஒரு கீறல்தான். நூல் கோக்கிறாள், பார்த்துவிட்டேன்.

நேற்று என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அம்மா மருந்து வாங்கப் போனதும் திறந்தார். "நீதானே தொறந்து குடுத்த?" என்றார். மெதுவாக, கோபமே இல்லாமல். "பிடியைத் திருப்பிக் குடுத்த பாரு, அதை நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். இடது கை நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் வாயைத் திறக்காததையும். அம்மா தன் கட்டைவிரல் கீறலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "கையை நகத்தினது நான்தானே" என்றாள். "எனக்கும் தெரியும்டி அது மடங்கும்னு. மூடினவளுக்குத் தெரியாதா?" அவ்வளவுதான். எழுந்து போய்த் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அம்மா வருகிறாள் அக்கா. இரண்டு பைகள். இரண்டுக்கும் பார்சல் பட்டை போட்டு இறுக்கிவிட்டாள். "உங்கப்பா இருபது வருஷமா கட்டுறார், ஒருநாளாவது இவ்வளவு நேரா கட்டியிருக்காரா பாரு" என்றாள். பல் விழுந்த வாயோடு அவள் சிரித்ததை நான் இன்றுதான் பார்த்தேன். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பைகளை வைத்திருக்கிறோம். இன்னும் ஆறு மணி நேரம். நீ கம்பியைச் சுரண்டினால் நான் முதலில் உன்னிடம் கேட்கப்போவது என்ன தெரியுமா? அந்த எலுமிச்சை

கதவைத் தட்டுகிறார்கள்.

பலமாக இல்லை. அவர் எப்போதும் முஷ்டியின் பக்கவாட்டால் இடிப்பார். இது அப்படி இல்லை. பழக்கமில்லாத கையால் தட்டுகிற மாதிரி, ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. திங்கட்கிழமைதான் என்றார்களே. இன்று சனிக்கிழமைதானே அக்கா.

அம்மா விளக்கை அணைக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குனிந்திருக்கிறாள். தட்டல் கேட்டதும் நான் எடுத்த கத்தியை என் இடது கையிலிருந்து வாங்கி, மூடி, என் பையில் போட்டுவிட்டாள். காதில் மூச்சுப் படுகிறது.

"அவரோடத எங்க ஒளிச்சு வெச்ச? அந்த மடங்காதத?"

மறுபடியும் தட்